மூன்றாவது வளைவில் நின்ற ரயில்

முதல் வளைவுத் துண்டைத் தாண்டியது. இரண்டாவதையும் தாண்டியது. மூன்றாவதன் நடுவில் என்ஜின் நின்றுவிட்டது. நின்றது என்றும் சொல்ல முடியாது, சக்கரங்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன. இரண்டு பக்கமும் இணைப்புத் தண்டுகள் அழகாக ஏறி இறங்கின. வண்டி மட்டும் இம்மியும் நகரவில்லை. தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தண்டவாளத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா பையன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "மாமா, வண்டி எக்சர்சைஸ் பண்ணுது."

நாலு மாத வேலை அது. பெட்டியில் வந்த கையேட்டைப் பார்த்துக் கட்டிய ரயில் இல்லை. சக்கரத்திலிருந்து புகைபோக்கி வரை நானே யோசித்து, பிரித்து, மறுபடி கட்டிய நீராவி என்ஜின். பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர், அதற்குப் பின்னால் ஐந்து பெட்டிகள். எல்லாமே லெகோ கட்டைகள், ஒன்றின்மேல் ஒன்றை அழுத்திப் பொருத்துகிற பிளாஸ்டிக் கட்டைகள். மேசைமேல் நிறுத்திப் படம் எடுத்தால் கம்பீரமாகத்தான் இருந்தது. அதை ஓடவைக்க மட்டும் இன்னொரு மூன்று மாதம் பிடித்தது. கட்டிய கதை எல்லோரும் எழுதுகிறார்கள், நான் ஓடவைத்த கதையை எழுதுகிறேன்.

ஆனால் அகலத்திலிருந்து ஆரம்பிக்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. லெகோ கட்டையின் தலையில் இருக்கிற குமிழ்தான் இங்கே அளவுகோல். ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள தட்டைக் கட்டையைப் பிளேட் என்போம், 3.2 மி.மீ. இந்த இணைப்பு முறைக்குக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரியில். அப்போது வந்த கட்டை இன்றைய கட்டையோடு இன்றும் பொருந்தும்.

தண்டவாளத்தின் உள் இடைவெளி ஏறக்குறைய 38 மி.மீ. நிஜ உலகில் ஸ்டாண்டர்டு கேஜ் என்கிற தண்டவாள இடைவெளி 1,435 மி.மீ. வகுத்தால் 1:38 வருகிறது. அந்தக் கணக்குப்படி மூன்று மீட்டர் அகலமுள்ள பெட்டியைப் பத்துக் குமிழ் அகலத்தில் கட்ட வேண்டும். கடையில் தொகுப்பாக விற்கப்படும் லெகோ ரயில்களோ பெரும்பாலும் ஆறு குமிழ்தான், அதாவது சுமார் 1:62. அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கிற பிள்ளை மாதிரி, தண்டவாளம் பெரிதாகவும் வண்டி சிறிதாகவும் இருக்கும். சொந்தமாகக் கட்டுகிறவர்களில் பலர் எட்டுக் குமிழில் சமாதானம் ஆகிறார்கள். நானும் அப்படித்தான். எட்டுக் குமிழ் என்றால் 1:47. லெகோ மனிதர்களை உள்ளே இருவர் இருவராக உட்காரவைத்து நடுவில் வழியும் விடலாம்.

எட்டு என்று முடிவெடுத்த அன்றைக்கே பாதி வம்பை விலைக்கு வாங்கியாயிற்று என்பது அப்போது தெரியவில்லை. அகலம் கூடினால் நீளம் கூடும், நீளம் கூடினால் எடை கூடும், இரண்டும் சேர்ந்து வளைவில் வந்து கணக்குக் கேட்கும்.

அந்த வளைவைக் கொஞ்சம் பாருங்கள். வழக்கமான வளைவுத் துண்டுகள் பதினாறைச் சேர்த்தால் முழு வட்டம், ஆரம் 40 குமிழ், 320 மி.மீ. 1:47இல் இதை நிஜத்துக்கு மாற்றினால் 15 மீட்டர். டிராம் வண்டியே திணறுகிற வளைவு அது. அதில் நாம் எக்ஸ்பிரஸ் ரயிலைத் திருப்பப் பார்க்கிறோம்.

இங்கே ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. இரண்டு தாங்குபுள்ளிகளுக்கு நடுவே உள்ள நீளத்தை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், வளைவில் நடுப்பகுதி எவ்வளவு உள்ளே தள்ளிப் போகும் என்று கிடைத்துவிடும். என் பெட்டியில் இரண்டு போகிகளுக்கு நடுவே 24 குமிழ். 24இன் வர்க்கம் 576, அதை 320ஆல் வகுத்தால் 1.8 குமிழ், அதாவது 14 மி.மீ. பெட்டியின் வயிறு அவ்வளவு தூரம் உள்பக்கம் பிதுங்கும். பக்கத்தில் சிக்னல் கம்பமோ நடைமேடையோ வைத்திருந்தால் உரசும். (பேச்சில் பெட்டியையே 'போகி' என்கிறோம். சரியாகச் சொன்னால் பெட்டிக்கு அடியில் சக்கரங்களோடு திரும்புகிற சட்டகம்தான் போகி. இதைச் சொல்லிச் சொல்லி நான் வீட்டில் கெட்ட பெயர் வாங்கிவிட்டேன்.)

நிஜத்தில் 23 மீட்டர் நீளமுள்ள பெட்டியை அளவு பிசகாமல் கட்டினால் அறுபது குமிழுக்கு மேல் வரும். நான் 36இல் நறுக்கிவிட்டேன். பார்க்கிறவர் யாரும் கேட்டதில்லை.

இனி மின்சாரம். லெகோ ரயிலுக்கு எப்படிச் சக்தி கொடுப்பது என்பதில் அந்த நிறுவனமே ஒரு வட்டம் சுற்றி வந்திருக்கிறது. 1966இல் முதல் மின்சார ரயில் வந்தபோது 4.5 வோல்ட் பேட்டரியை வண்டியே சுமந்தது. 1969இல் 12 வோல்ட், தண்டவாளங்களுக்கு நடுவே தனியாக மின்சாரம் கடத்தும் பட்டைகள். 1991இல் 9 வோல்ட். இதில் தண்டவாளத்தின் மேலேயே உலோகத் தகடு, மோட்டாரின் உலோகச் சக்கரம் அதிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். 2006இல் மறுபடி பேட்டரி, ரிமோட் மட்டும் இன்ஃப்ராரெட். 2018இலிருந்து புளூடூத்.

9 வோல்ட் காலத்து ஆட்கள் இன்னும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பேட்டரியை ஒளித்துவைக்க இடம் தேட வேண்டாம், வண்டி லேசாக இருக்கும், சார்ஜ் தீர்ந்து பாதியில் நிற்காது. ஆனால் ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொன்று மைனஸ் என்பதால், பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு திரும்பி வந்து சேரும் கண்ணியைப் போட்டால் பிளஸ்ஸும் மைனஸும் முட்டி ஷார்ட் ஆகிவிடும். நீளமான பாதையில் ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் வோல்ட் கசிந்து, தூரத்து மூலையில் வண்டி சோம்பலாகும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயிலைத் தனித்தனி வேகத்தில் ஓட்டவும் முடியாது. எனக்குத் திரும்பும் கண்ணி வேண்டும், அதனால் பேட்டரி. அவ்வளவுதான் காரணம், தத்துவம் எதுவும் இல்லை.

பேட்டரியில் ஒரு விஷயத்தை மட்டும் ஆரம்பத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம். ஆறு சாதாரண பேட்டரி போட்டால் ஆறு ஒன்றரை ஒன்பது. அதே இடத்தில் ரீசார்ஜ் ஆகும் நிக்கல் வகையைப் போட்டால் ஒன்றுக்கு 1.2 வீதம் 7.2 வோல்ட்தான். வண்டி மெதுவாகிவிட்டதே, மோட்டார் பழுதோ என்று நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோட்டாரை முறைத்துக்கொண்டிருந்தேன்.

நான் எடுத்துக்கொண்டது பழைய இன்ஃப்ராரெட் தொகுப்பு. கொதிகலனுக்குள் 'எல்' என்கிற லெகோ மோட்டார், டெண்டருக்குள் பேட்டரியும் ரிசீவரும். ரிசீவரின் கறுப்புக் கண் வெளியே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ரிமோட் பேசுவது அதற்குக் கேட்காது. அதை நிலக்கரிக் குவியலின் உச்சியில் வைத்தேன். கறுப்புக்குள் கறுப்பு, யார் கண்ணுக்கும் தெரியவில்லை. இந்த வண்டியில் நான் பெருமைப்படுகிற இடம் அதுதான்.

எல் மோட்டார் 9 வோல்ட்டில் சுமை இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 390 சுற்று. 12 பல் கியரிலிருந்து 20 பல் கியருக்குக் கொடுத்தால் அது 234 ஆகக் குறையும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 95 மி.மீ. போகிறது. பெருக்கி, 47ஆல் இன்னொரு முறை பெருக்கினால் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். பயணிகள் ரயிலுக்குப் போதும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

முதல் சறுக்கல் இணைப்புத் தண்டில். மூன்று ஜோடிச் சக்கரங்களில் பின் ஜோடிக்கு மட்டும் மோட்டார், மற்ற இரண்டும் தண்டின் வழியாகச் சுற்ற வேண்டும். இரண்டு பக்கத் தண்டுகளையும் நான் ஒரே கோணத்தில் மாட்டியிருந்தேன், பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று. தண்டு நேர்கோட்டுக்கு வரும் இடத்தில் சக்கரத்துக்கு முன்னால் போவதா பின்னால் போவதா என்று தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அந்த இடத்துக்கு வந்தால் கேட்க ஆளில்லை, டக்கென்று பூட்டிக்கொள்ளும். நிஜ நீராவி என்ஜினில் இதனால்தான் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 90 டிகிரி தள்ளி இருக்கும். ஒரு பக்கம் திகைத்து நிற்கும்போது மறுபக்கம் முழு பலத்தோடு தள்ளும். நிஜ என்ஜின் கட்டுகிறவர்கள் இந்த 90 டிகிரியை அளந்து வைக்க வேண்டும். நமக்கு அந்தக் கவலை இல்லை. லெகோவின் டெக்னிக் வகை அச்சின் வெட்டுமுகம் கூட்டல் குறி வடிவம், சக்கரம் அதில் நான்கே நான்கு விதமாகத்தான் உட்காரும். ஒரு கால் திருப்பு திருப்பி மாட்டினால் துல்லியமாக 90 டிகிரி. அந்தச் சின்னப் பிளாஸ்டிக் குச்சியை அன்றைக்கு ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுச்சக்கரத்துக்கு விளிம்பு இல்லாத வகையைப் போட்டதுகூட அதே சூத்திரத்தின் தயவுதான். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 10 குமிழ், வர்க்கம் 100, 320ஆல் வகுத்தால் 0.31 குமிழ், இரண்டரை மி.மீ. வளைவில் நடுச்சக்கரம் அவ்வளவு பக்கவாட்டில் நழுவ வேண்டும். விளிம்பு இருந்தால் தண்டவாளத்தில் ஏறி உட்காரும். நிஜ என்ஜின்களிலும் இப்படி மொட்டைச் சக்கரம் உண்டு.

இதெல்லாம் செய்த பிறகுதான் மேலே சொன்ன எக்சர்சைஸ் நடந்தது.

பலம் போதவில்லை என்று நினைத்தேன். யாருக்குமே முதலில் அதுதான் தோன்றும். எல் மோட்டாரைக் கழற்றி அதைவிடப் பெரிய எக்ஸ்எல் மோட்டாரை வைக்கக் கொதிகலனின் பக்கவாட்டை முழுதாகப் பிரித்தேன். உருண்டைக் கொதிகலன் என்பது பிளேட்டுகளைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டுவது. ஐந்து பிளேட் உயரமும் இரண்டு குமிழ் அகலமும் ஒன்றுதான், இரண்டுமே 16 மி.மீ. அந்த ஒரு சமன்பாட்டில்தான் அத்தனை பிளேட்டும் தொங்கிக்கொண்டிருக்கும், ஒன்றைப் பிடுங்கினால் சரசரவென்று எல்லாம் கையோடு வரும். பத்து நாள் போயிற்று. பெரிய மோட்டாரை வைத்து ஓட்டினேன். அதே மூன்றாவது வளைவு, அதே இடம். இப்போது சக்கரம் இன்னும் ஆக்ரோஷமாகச் சுற்றியது.

சக்கரம் வழுக்குகிறது என்றால் மோட்டாருக்குப் பலம் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். இது பள்ளிக்கூடப் பாடம். இழுக்கும் சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறதோ, அதைச் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிப்பால் பெருக்கினால் வருவதுதான் இழுவையின் உச்சம். யானை பலமுள்ள மோட்டாரை வைத்தாலும் அதற்கு மேல் ஒரு கிராம் இழுக்காது. பிளாஸ்டிக்மேல் பிளாஸ்டிக், பிடிப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். டெண்டர் என்ஜினைவிடக் கனம்! இருக்காதா பின்னே, பேட்டரி அங்கே உட்கார்ந்திருக்கிறது. இழுக்க வேண்டியவன் நோஞ்சான், இழுபட வேண்டியவன் குண்டன்.

மறுபடி கொதிகலனைப் பிரித்தேன். எல் மோட்டாரே திரும்பி வந்தது. பேட்டரியை டெண்டரிலிருந்து எடுத்து ஓட்டுநர் அறைக்கு முன்னால், நெருப்புப்பெட்டி இருக்கும் இடத்தில், பின்சக்கரங்களுக்கு நேர் மேலே திணித்தேன். மிச்ச இடுக்கில் இரும்பு நட்டுகள். லெகோ அல்லாத எதையும் உள்ளே விடக்கூடாது என்று சிலருக்கு விரதம் உண்டு. நட்டு வெளியே தெரிவதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. பின் ஜோடிக்கு ரப்பர் வளையம் மாட்டப் பள்ளமுள்ள சக்கரங்கள் போட்டேன். வளையம் நாளடைவில் தேயும், தண்டவாளத்தில் கறுப்புத் தூள் படியும், துணியால் துடைக்க வேண்டும். அந்தத் தூளைப் பார்த்து என் அம்மா, "பொம்மை வண்டிக்குக்கூடக் கரியா?" என்றார்.

இன்னொரு வழியும் இருக்கிறது. டெண்டருக்கு அடியில் ரயில் மோட்டாரை வைத்துவிட்டு, என்ஜினைச் சும்மா தள்ளிக்கொண்டு போவது. எடையும் மோட்டாரும் ஒரே இடத்தில் இருப்பதால் நன்றாக இழுக்கும், கண்காட்சிகளில் மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் புத்திசாலித்தனம். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த இணைப்புத் தண்டுகள் உண்மையிலேயே வேலை செய்ய வேண்டும். பிடிவாதம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது என்ஜின் தனியாக வட்டம் போட்டது. இரண்டு பெட்டியோடும் போட்டது. ஐந்தோடு திணறியது. இந்த முறை சக்கரம் வழுக்கவில்லை, மோட்டாரே முனகி நின்றது. அப்படியானால் எங்கோ பிடிக்கிறது. எங்கே?

மோட்டாரின் கியரைப் பிரித்துவிட்டுச் சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தேன். ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை. அச்சு வெளியே வழுக்கி வராமலிருக்க இரண்டு முனையிலும் புஷ் என்கிற சின்ன வளையத்தை மாட்டுவோம். கட்டை ஆடக்கூடாது என்று நான் அதைக் கட்டைவிரலால் அழுத்தி, சட்டத்தோடு ஒட்ட வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் அப்படி அழுத்தினால் புஷ் சட்டத்தைக் கிடுக்கி மாதிரி கவ்விக்கொள்ளும். கார் பிரேக் வேலை செய்வதும் இப்படித்தான்! மூன்று அச்சு, ஆறு புஷ், ஆறு பிரேக். நகக்கண் நுழையும் அளவுக்கு, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஒவ்வொன்றையும் பின்னால் இழுத்தேன். விரலால் தட்டினேன். சக்கரம் சுற்றியது, தண்டு ஏறி இறங்கியது, இன்னும் சுற்றியது. மோட்டார் முனகி நின்றது இந்த அரை மில்லிமீட்டருக்காக.

அதற்குப் பிறகு பெட்டிகளின் மேல் சந்தேகம் வந்தது. ஒரு சோதனை வைத்தேன். இரண்டு நேர்த் தண்டவாளங்களைச் சேர்த்தால் 256 மி.மீ. ஒரு முனைக்கடியில் பிளேட்டுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டியது, பெட்டி எத்தனையாவது பிளேட்டில் தானாக உருள்கிறது என்று பார்க்க வேண்டியது. ஒரு பிளேட்டுக்கு எண்பதில் ஒன்று சரிவு. உலோக அச்சுள்ள சக்கரம் போட்ட பெட்டி இரண்டாவது பிளேட்டிலேயே கிளம்பிவிட்டது. பிளாஸ்டிக் அச்சு, பிளாஸ்டிக் துளை உள்ள பெட்டி ஐந்து வைத்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அக்கா பையனுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துப்போய், வீட்டிலுள்ள எல்லா வண்டிகளையும் வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போட ஆரம்பித்தான். குறைந்த மதிப்பெண் எடுத்தவன் முதல் மாணவன். மூன்று பெட்டிகள் பெயில். அவற்றுக்கு அச்சை மாற்றினேன். ஒன்றில் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். அது சக்கரம் வழியாக வழிந்து தண்டவாளத்துக்கு வந்து, ரப்பர் வளையமே வழுக்கியது. யாரும் செய்ய வேண்டாம்.

பேட்டரியைக் கொதிகலனுக்கு மாற்றினாலும் ரிசீவர் நிலக்கரிக்குள்தான் இருந்தது, ஆக நடுவில் ஒயர் போக வேண்டியிருந்தது. அந்த ஒயர் விறைப்பு. வளைவில் டெண்டரின் முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டது. திரும்பும் அச்சுக்கு மேலாக, ஒரு வளையம் போகத் தளர்வு விட்டுக் கொண்டுபோனதும் சரியாயிற்று. இதை எழுத ஒரு நிமிடம், கண்டுபிடிக்க ஒரு வாரம்.

வேகத்தையும் ரிமோட்டில் படிப்படியாகத்தான் ஏற்றுகிறேன். பெட்டிகளைக் கோத்திருப்பது வெறும் காந்தம். எடுத்த எடுப்பில் முழு வேகம் கொடுத்தால் என்ஜின் போய்விடும், பெட்டிகள் வழியனுப்பும். புளூடூத் ஹப்புக்கு மாறினால் பைபிரிக்ஸ் என்கிற மென்பொருளைப் போட்டு நாலு வரி பைத்தானில் இதைத் தானாகச் செய்ய வைக்கலாம், தண்டவாளத்துக்கு நடுவே ஒரு வண்ணக் கட்டை வைத்து அதைச் சென்சார் பார்த்ததும் நிலையத்தில் நிற்க வைக்கலாம். அடுத்த என்ஜினுக்கு அதுதான் உத்தேசம். நிலக்கரிக்குள் ஒளித்த அந்தக் கறுப்புக் கண்ணை இழக்க வேண்டுமே என்பதுதான் வருத்தம்.

போன வாரம் ஐந்து பெட்டியோடு மூன்றாவது வளைவைத் தாண்டியது. நான்காவதையும் தாண்டியது. வட்டம் முடித்து மறுபடி வந்தது. நான் மூச்சுவிடுவதற்குள் அக்கா பையன் ஆறாவது பெட்டியைக் கோத்துவிட்டான். போயிற்று. ஏழாவதையும் கோத்தான்.

"வேண்டாம்டா, காந்தம் தாங்காது."

"ஒரு சுத்துதான் மாமா. பாப்போமே."

வளைவில் நுழைந்ததும் மூன்றாவது பெட்டிக்கும் நான்காவதுக்கும் நடுவே காந்தம் விட்டது. பின்னால் நான்கு பெட்டிகள் வளைவிலேயே நின்றன. சுமை குறைந்த என்ஜின் துள்ளிக்கொண்டு போயிற்று. நான் ரிமோட்டைத் தேடினேன், சோபாவுக்கு அடியில் கிடந்தது. கையை நீட்டி எடுப்பதற்குள் என்ஜின் வட்டத்தைச் சுற்றி வந்து, விட்டுப்போன பெட்டிகளில் கடைசியை நோக்கி வந்துவிட்டது. இடிக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். டக். என்ஜினின் முகப்புக் காந்தம் கடைசிப் பெட்டியின் காந்தத்தைப் பிடித்துக்கொண்டது. நான்கு பெட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு, மூன்றைப் பின்னால் இழுத்துக்கொண்டு, வண்டி மெதுவாக வளைவைத் தாண்டியது.

கையில் ரிமோட் இருந்தது. "நிறுத்தாதீங்க மாமா," என்றான், கன்னத்தைத் தரையிலிருந்து எடுக்காமல். "இது இப்படியே ஓடட்டும்."